லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்த முடிவு

"என்ன சொன்னே? நான் முடிவு பண்ணலையா?"

சட்டைக்குள் ஒரு கையை விட்டபடியே லிஃப்ட் மெக்கானிக் நின்றுவிட்டார்.

பதினோரு வருஷமாக மனைவி ஜெபம் பண்ண, இவர் நழுவ, ஒருவழியாக இன்று காலைதான், "நாளைக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்று வாய் திறந்திருந்தார். மாலை ஐந்துக்குள் சபையில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

"நீங்க எங்க முடிவு பண்ணீங்க? உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே கர்த்தர் உங்களைத் தேர்ந்தெடுத்துட்டார்."

"அப்போ நான் எதுக்கு?"

"நனையறதுக்கு."

குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இப்போது பாதி மாட்டியிருக்கும் சட்டையின் நிறம் வரை எல்லாம் அவள் முடிவு. ஒன்றே ஒன்றை அவராக முடிவு செய்தார். அதுவும் கைமாறிப் போய்விட்டது.

வேறு சபைக்குப் போகும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"அக்கா அப்படித்தான் சொல்லுவா அத்தான். முழுக்க முழுக்க உங்க இஷ்டம்தான். கர்த்தர் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டார்."

"அப்படிச் சொல்லு."

"ஆனா நாளைக்குப் பாவத்துல வழுக்கி விழுந்தா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு."

மெக்கானிக் போனை வைத்தார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அந்தப் பொறுப்பு கர்த்தரிடமே இருக்கட்டும். அப்படியானால் முடிவும் கர்த்தருடையதாகிவிடுமே?

போதகரைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் உண்மைதான் தம்பி. லிஃப்ட் ரெண்டு தண்டவாளத்துல ஓடுதில்ல, அது மாதிரி."

"தண்டவாளம் ஆடாம பிடிச்சுக்கத்தான் ஐயா. மேல இழுக்கறது கயிறு. கயிறு யாரு?"

"கர்த்தர்."

"பட்டனை அமுக்கறது?"

"நீங்க."

"நான் அமுக்கலைன்னா?"



"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார் போதகர். இப்போது குழம்பியவர்கள் இரண்டு பேர்.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து அதன் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நான் எழுந்திரிக்க மாட்டேன். என்னைத் தேர்ந்தெடுத்தது நிஜம்னா அவரே வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"கர்த்தரையே சோதிக்கிறீங்களா?"

"நான் இப்படி உட்காரணும்னும் அவர்தானே முடிவு பண்ணியிருப்பார்?"

மனைவி தன் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. சபைக் காவலாளி.

"அண்ணே, இங்க லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. உள்ள போதகரய்யா மாட்டிக்கிட்டார். நாளைக்கு ஞானஸ்நானம் எடுக்கறவங்க பேர்ப் பட்டியலும் அவர் கையில."

மெக்கானிக்குக்குப் புல்லரித்தது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

எங்கே கோளாறு என்றுகூட அவர் பார்க்கவில்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது, போதகர் வியர்த்து வழிந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரை எழுதிக்கோங்க ஐயா." மெக்கானிக் கருவிப் பையைக் கீழே போட்டார். "வரமாட்டேன்னு உட்கார்ந்தேன். லிஃப்டையே நிறுத்தி இழுத்துட்டு வந்துட்டார். எல்லாம் அவர் முடிவுதான். இனிமே எனக்குக் கேள்வியே இல்ல."

போதகர் தரையில் உட்கார்ந்தபடியே எழுதினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காவலாளி அவள் பக்கம் திரும்பினான்.

"பேர் எழுதியாச்சுல்ல அக்கா? நீங்க அணைக்கச் சொன்ன லிஃப்ட் சுவிட்சைப் போட்டுடட்டுமா?"