ஹாரன் அண்ணன் மாலை போட்ட போட்டோ

ஜவ்வாது மலையின் மொத்தப் பிடிவாதத்தையும் தராசில் ஒரு தட்டிலும் ஹாரன் அண்ணனை மறு தட்டிலும் வைத்தால், அண்ணன் தட்டுதான் தரையைத் தொடும். புதூர்நாட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மலைக்கும் திருப்பத்தூருக்கும் எங்களை ஏற்றி இறக்கியது அவருடைய ஜீப்தான். வளைவில் பிரேக் பிடிக்க மாட்டார், ஹாரன் மட்டும் அடிப்பார். பிரேக்கை நம்புகிறவன் டிரைவரே இல்லை என்பது அவருடைய கொள்கை. அந்த ஜீப்பில் வந்தவர்களுக்கு பிரஷர் மாத்திரை கொடுப்பது என் வேலை.

அண்ணனின் மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி. வாணியம்பாடி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மேல் அண்ணனுக்கு எந்தக் குறையும் இல்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குறை. மகளைத் தலைமுழுகிவிட்டதாக ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அறிவித்தார். இரண்டு வருடம் அவளோடு பேசவே இல்லை.

அப்போதுதான் செல்வி ஒரு வைஃபை போட்டோ ஃபிரேம் வாங்கி ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பினாள். அவள் போனில் எந்தப் படத்தை அனுப்பினாலும் ஃபிரேமில் வந்து விழுமாம்.

"நான் பேசுனா நைனா போனை வெச்சிடுது அக்கா. படத்தையாவது பாக்கட்டும். எனக்கு ஏழாம் மாசம்" என்றாள் என்னிடம், போனில்.

ஃபிரேமை வீட்டில் மாட்டலாம் என்றேன். வீட்டில் எலித்தொல்லை, ஜீப்பிலேயே மாட்டுங்கள் என்றார் அண்ணன். அந்த வீட்டில் எலி தின்னும்படி ஒன்றுமே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். டேஷ்போர்டில் முருகன், அடுத்து மனைவி படம், அதற்கடுத்து ஃபிரேம். செல்போன் சார்ஜ் போடுகிற இடத்தில் வயரைச் செருகினோம். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் வைஃபைக்கு என் போன்.

ஃபிரேம் பாஸ்வேர்டு மாதிரி ஒரு கோடு காட்டியது. அதைச் செல்வியிடம் சொன்னால்தான் படம் வரும். அவளுக்கு போன் போட்டு நீட்டினேன். அண்ணன் அதை வாங்கவில்லை. எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்து, மலையே கேட்கும்படி ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். வைராக்கியமும் கெடவில்லை, கோடும் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் ஜீப் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அலறும்.

"மேடம், கொஞ்சம் வைஃபை வுடுங்க."

தண்ணீர் திறந்துவிடச் சொல்கிற தோரணைதான். காய்ச்சல்காரர்களை நிற்க வைத்துவிட்டு நான் ஹாட்ஸ்பாட்டைத் திறப்பேன். செல்வி படம் வரும். அண்ணன் அதை நேராகப் பார்க்க மாட்டார். மூஞ்சி இளைத்திருக்கிறதே என்று ஸ்டியரிங்கிடம் விசாரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது வினை. வழக்கம்போல் முருகனுக்கும் மனைவிக்கும் பூ போட்ட மனுஷன், அன்று ஃபிரேமுக்கும் ஒரு மாலையைப் போட்டுவிட்டார். பொட்டும் வைத்துவிட்டார். உள்ளே விளக்குப் போட்ட மாதிரி செல்வி முகம். பக்கத்தில் மாலையோடு செத்துப்போன அம்மா. ஜீப்பில் ஏறியவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? பெற்றவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கினாள். தன் ஓட்டத்துக்குப் பயந்துவிட்டாள் என்று அண்ணனுக்குப் பெருமை வேறு.

மதியத்துக்குள் சேதி வாணியம்பாடிக்குப் போய்விட்டது. மாலையோடு துக்கம் கேட்க வந்த மூன்று பேருக்குக் கதவைத் திறந்தது செல்வியேதான். விவரம் தெரியாமல் அவர்களை உட்காரவைத்துக் காபியும் கொடுத்திருக்கிறாள். தெரிந்ததும் எனக்கு போன் செய்தாள்.

"கோவம்னா இப்டியா அக்கா? உசுரோட இருக்கறவளுக்கா மாலை போடுவாங்க? வர்ற வாரம் வளைகாப்பு. அவரு வரவே வேணாம்னு சொல்லிடுங்க."

எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. லைனை வைக்காமலே போனும் கையுமாக வாசலில் நின்ற ஜீப்புக்கு ஓடி, பயணிகள் முன்னாலேயே அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். அண்ணன் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"கண்ணு, நான்தாம்மா. முருகனுக்குப் போட்டேன், உங்கம்மாவுக்குப் போட்டேன். பக்கத்துல நீ மட்டும் வெறுங்கழுத்தா இருந்தே. மனசு வரலம்மா."

செல்வி குரல் ஜீப் முழுக்கக் கேட்டது.

"கழுத்து கெடக்கட்டும் நைனா. கைக்கு வளையல் போட எப்ப வர்றே?"

அண்ணனை முந்திக்கொண்டு ஜீப்பில் இருந்தவர்களே, நாங்கள் கூட்டிவருகிறோம் என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். அடுத்த வாரம் அவளுக்காகத் துக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் நானும் அதே ஜீப்பில் வளைகாப்புக்குப் போனோம்.

பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரும்போது முன்சீட்டில் உட்கார வைத்தார். ஃபிரேமைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"ஆளே பக்கத்துல வர்றா, போட்டோ எதுக்கு? நீங்க வெச்சிக்கங்க மேடம்."

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன், ஃபிரேம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. செல்வி வாரம் தவறாமல் குழந்தை படம் அனுப்புகிறாள். குழந்தை அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் படம் வந்ததும், அதைத் தூக்கி வைத்திருக்கிற ஜீப் ஓட்டிக் கறுத்த அந்த முழங்கை ஓரத்தில் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.