ஒரு வருஷம் வெச்சுக்கோ

என் மனைவி கடை திறப்பதைத் தடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். சண்டை போட்டு அல்ல. சண்டையில் நான் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. சும்மா இருந்தே தடுப்பது. சும்மா இருப்பதில் எனக்கு நிகர் நானே என்று அவளே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அவள் டெய்லர். கிழிந்ததைத் தைப்பாள், நீண்டதை மடிப்பாள், உடம்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து மூச்சு விட இடம் கொடுப்பாள். இத்தனை நாளும் மெஷின் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. எனக்கு உள்ளறை. கம்பெனிகளின் வெப்சைட்டுகள் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை, வீட்டிலிருந்தபடியே பார்க்கிறேன். மெஷின் சத்தத்தில் மீட்டிங் காதில் விழவில்லை என்று நான் புலம்பாத நாள் இல்லை. அந்தப் புலம்பலுக்கு மதிப்புக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் போனால் அவளும் போவாள். சாயங்காலம் வரை வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அது ஒன்றுதான் அவ்வப்போது உறுமும். மெஷின் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லை, துணை. இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலம் புலம்பிவிட்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நல்ல வேளையாக அவளுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. நான் போட்டுக் கொடுத்ததுதான். ஒரே பக்கம். உச்சியில் பெரிய படம் ஒன்று; முகவரி அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும்.

“என்னங்க, இந்தப் புதுப் படத்தை மேல போட்டுடுங்க. கடை அட்ரஸ் இதுலதான் இருக்கு.”

போட்டேன். பழைய படத்துக்கு என்ன பெயரோ, அதே பெயரில் போட்டேன். விஷமம் அங்கேதான் இருக்கிறது. அவள் தன் போனில் பார்த்தாள். பழைய படம். மூடித் திறந்தாள். அதே பழைய படம்.

“மாறலையே?”

“மாறாது. அதுக்குப் பேரு கேஷ்.”

“கேசமா? உங்க தலையில அது போய் ரொம்ப நாளாச்சே.”

“கேஷ்! ஒரு தடவை பாத்த படத்தை போன் பத்திரமா எடுத்து வெச்சுக்கும். அடுத்த தடவை சர்வர்கிட்ட வந்து கேக்காது, வெச்சிருக்கறதையே காட்டும். பக்கம் சட்டுனு வரணும்னு நான்தான் படத்துக்கெல்லாம் ‘ஒரு வருஷம் வெச்சுக்கோ’ன்னு சர்வர்ல எழுதி வெச்சிருக்கேன்.”

“ஒரு வருஷமா! மாத்தி எழுதுங்க.”

“எழுதினாலும் அந்த போன் வந்து கேட்டாத்தானே தெரியும்? அதுதான் வர்றதே இல்லையே.”

“வேற வழியே இல்லையா?”

இங்கே வாசகர்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வழி இருக்கிறது. படத்தின் பெயரை மாற்றிப் போட்டால் போதும். புதுப் பெயர் என்றால் எந்த போனிடமும் பழைய பிரதி இருக்காது. அது சர்வரிடம் வந்து கேட்டே ஆகவேண்டும். என் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்.

“வழியே இல்ல,” என்றேன்.

“அப்போ, இதுவரைக்கும் பாக்காதவங்க?”

“அவங்களுக்குப் புதுசு தெரியும். ஆனா உன்கிட்ட தைக்கறவங்க எல்லாம் ஏற்கெனவே பாத்தவங்களாச்சே. வீட்டுக்குத்தான் வந்து நிப்பாங்க. பேசாம நீயும் இங்கேயே…”

“உங்க கம்ப்யூட்டர்ல?”

“அதுலயும் பழசுதான். கேஷுக்கு ஆள் பாத்து மரியாதை தரத் தெரியாது.”

“உங்களுக்கும் பழசுதான் தெரியும்,” என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மெஷின் போயிற்று. வீடு அமைதியாயிற்று. மீட்டிங்கில் ஒவ்வொருவர் பேசுவதும் கணீரென்று கேட்டது. அதில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வாசல் மணி அடித்தது. பஸ் டிரைவர் ஒருவர், கையில் பை. என் திட்டம் பலித்துவிட்டது என்று துள்ளினேன். பழைய படத்தைப் பார்த்து வந்திருக்கிறார்! அவர் தன் போனைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் போன், மறுபடியும் முகம்.

“நீங்கதானா சார்?”

“நான்தான்.”

“படத்துல முடி நிறைய இருக்கே?”

முன்னறைச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது. அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

“அது கல்யாணத்தப்போ எடுத்தது.”

“கல்யாணம்னா சும்மாவா சார்,” என்று அனுதாபத்தோடு பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மனைவிக்கு போன் போட்டேன். “பாரு, ஆள் வீட்டுக்கு வந்துட்டாரு. நான்தான் சொன்னேனே?”

“பாவம், பழைய படத்தைப் பாத்திருப்பாரு. அளவெடுத்து வெச்சுடுங்க. நாடா அலமாரில இருக்கு.”

டிரைவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் வந்தார். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஒரே சட்டையில் தன் தம்பியையும் சேர்த்து அடக்கிவிடக்கூடிய ஒரு பெரியவர், வேறு பலர். எல்லாருமே முதலில் போனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னை. ஒருவர் முகமும் எனக்குப் பழக்கமில்லை. அது ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசிக்க? வாய் நிறைய குண்டூசி.

மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார், “உங்க பக்கத்துல யாரோ ‘தொந்தியை உள்ள இழுக்காதீங்க, அப்புறம் பட்டன் போட முடியாது’ன்னு சொல்றாங்களே?”

“அது நான்தான் சார்.”

“என்னையா சொன்னீங்க?”

இல்லை என்று விளக்குவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. அவர் அதற்கப்புறம் கேமராவைப் போடுவதே இல்லை.

சாயங்காலம் மனைவி வந்ததும் நான் எடுத்த அளவுகளைச் சரிபார்ப்பாள். “இந்த ஆளுக்கு இடுப்பு எங்க இருக்குன்னு நினைச்சு அளந்தீங்க?” என்பாள். மடிப்பு தைக்கக் கற்றுக்கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அவள் முன்னறையிலும் நான் உள்ளறையிலுமாக இருந்தோம். ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, இத்தனை பேசியதில்லை. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. சர்வர் ஒன்று படுத்துக் கிடந்தபோது நான் ஒருவருடைய தோளை அளந்துகொண்டிருந்தேன். போதும், கேஷை வைத்து விளையாடியது போதும் என்று படத்தின் பெயரை மாற்றிப் போட சர்வருக்குள் நுழைந்தேன்.

மாற்றுவதற்கு முன்னால் படத்தை ஒருமுறை அங்கேயே திறந்து பார்த்தேன்.

நான் போட்ட படம் அங்கே இல்லை. வேறு படம். நடுவில் என் கல்யாண முகம், அந்தக் காலத்துக் கேசத்தோடு. மேலே, “துணி கொடுக்க: வீட்டில், என் கணவரிடம்.” கீழே, “தைத்ததை வாங்க: கடையில், என்னிடம்.” இரண்டு முகவரியும் சுத்தமாக எழுதியிருந்தன. என் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் இன்னமும் அதே பழைய படம். இத்தனை நாளும் கேஷ் ஏமாற்றியது ஊரை அல்ல, என்னைத்தான்.

கடைக்கு ஓடினேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

“யாரு போட்டது அந்தப் படம்?”

“நான்தான். தைச்ச துணியோட போட்டோவெல்லாம் போடறதுக்கு நீங்கதானே வழி பண்ணிக் குடுத்தீங்க. அதே பேர்ல போட்டா பழசு போயிடும்னும் நீங்கதானே காட்டினீங்க?”

“அப்போ வந்தவங்க எல்லாம்?”

“புதுசா வந்தவங்க. பஸ்ஸுக்கு நிக்கறவங்க கடை போர்டைப் பாத்துட்டு, போன்ல தேடிப் பாக்கறாங்க. அவங்களுக்குப் புதுசு தெரியும்னு சொன்னீங்களே.”

“பழைய ஆளுங்க?”

“அவங்க நம்பரெல்லாம் என்கிட்ட இருக்கே. கடைக்கு வாங்கன்னு போன்லயே சொல்லிட்டேன்.”

சர்வர், பிரவுசர், கேஷ் என்று நான் கட்டிய கோட்டையை அவள் நாலு போனில் முடித்துவிட்டாள்.

“ஏன் இப்படிச் செஞ்சே?”

இப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். “வீட்ல இதே மாதிரி மெஷின் நின்னா, உடனே உள்ள இருந்து எட்டிப் பாப்பீங்க. சத்தம் தொந்தரவுன்னா, நின்னதுக்கு யாராவது எட்டிப் பாப்பாங்களா? நான் இல்லாம நீங்க தனியா உக்காந்திருப்பீங்களேன்னுதான், வீட்ல ஆள் நடமாட்டம் இருக்கட்டும்னு அனுப்பினேன்.”

நான் எட்டிப் பார்த்தது எனக்கே ஞாபகமில்லை. அவள் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறாள். நான் மட்டும் அவளிடம் எதையும் புதிதாகக் கேட்காமல், என்றைக்கோ எடுத்து வைத்துக்கொண்ட ஒரு மனைவியையே இத்தனை வருஷமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

“சரி, சந்தோஷம். ஆனா என்னால ரெண்டு வேலை பாக்க முடியாது. அந்தப் படத்தை எடுத்துடு.”

“இதோ,” என்று போனை எடுத்தாள். கடை முகவரி மட்டும் உள்ள படத்தை மறுபடியும் போட்டாள். “எடுத்தாச்சு. ஆனா, இதுவரைக்கும் பாத்தவங்க போன்ல எல்லாம் ஒரு வருஷத்துக்கு உங்க முகம்தானே இருக்கும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அவங்க வீட்டுக்குத்தானே வந்துட்டிருப்பாங்க?” என்றாள். “நம்பர் வாங்கி வெச்சீங்களா?”

“இல்லையே.”

“அப்போ, வேற ஏதாவது வழி இருக்காங்க?”

கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள், குண்டூசி எதுவும் இல்லாமலே. பெயரை மாற்றினால் போதும் என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. அது வெளியே வந்தால், அன்றைக்கு ஏன் அதைச் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடவே வரும்.

“வழியே இல்ல,” என்றேன்.

“அப்படியா?” என்றபடி அவள் தன் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். “சீக்கிரம் வீட்டுக்குப் போங்க, வாசல்ல யாராவது நின்னுட்டிருப்பாங்க.”