ஆச்சரியத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு

மனித குலம் ஒழுங்குபடுத்தாமல் விட்டுவைத்திருந்த கடைசி உணர்ச்சி ஆச்சரியம்தான். கோபத்துக்குப் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு ஆலோசகர் வந்துவிட்டார். காதலுக்குக் கைபேசிச் செயலியே வந்துவிட்டது. ஆச்சரியம் மட்டும் கேட்பாரற்று, நேரம் காலம் இல்லாமல் கண்டவர் வீட்டுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்து வந்து, முகம் கழுவிவிட்டு, கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்த பெருமை, அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே அறுநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களோடு இயங்கிவரும் டாம்சன் கல்லூரியையே சேரும். அந்தச் சாதனைக்கான எல்லாக் கூட்டங்களிலும் குறிப்பெழுதியவள் என்ற முறையில், பதிவாளர் அலுவலக எழுத்தர் வின்னிஃப்ரெட் டட்டில் என்கிற வின்னிக்கும் வரலாற்றில் ஓர் ஓரமாக இடம் உண்டு.

டாம்சனில் நூற்று முப்பது வருஷமாக 'மலை நாள்' என்று ஒன்று இருக்கிறது. அக்டோபரில் ஏதோ ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கோபுர மணி விடாமல் அடிக்கும். அடித்தால் அன்று வகுப்பு கிடையாது. எல்லோரும் பின்னாலிருக்கும் பாட்டர் குன்றில் ஏறி, ஆப்பிள் சாறு குடித்து, சுடச்சுட டோனட் தின்று, சாயங்காலம் இறங்க வேண்டியது. எந்த நாள் என்று எவருக்கும் தெரியாது. கல்லூரித் தலைவர் வானத்தை ஆராய்ந்து முடிவெடுப்பதாக ஐதீகம்.

ஆராய்வது வின்னி. தலைவர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஜன்னல் வழியாக மேப்பிள் மரங்களையும் மேகங்களையும் பார்த்துத் தேதி குறிப்பவள் இருபத்தேழு வருஷமாக அவள்தான். பதிவாளர் அலுவலகத்தில் இருப்பதால் எந்த நாளில் வேதியியல் தேர்வு என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நாளின் மீது வானத்துக்கு எப்போதுமே தனிப் பிரியம் உண்டு. குறித்த நாள் காலையில் தலைவரைத் தொலைபேசியில் எழுப்புவாள். அவர் "வெயில் அடிக்குதா?" என்பார். "அடிக்கும்" என்பாள். "அப்ப நான் முடிவு பண்ணிட்டேன்" என்பார் தலைவர்.

வருஷத்தின் மற்ற நாட்களிலெல்லாம் பிறர் சொன்னதை வின்னி பதிந்தாள். அந்த ஒரு நாள் அவள் நினைத்தது நடந்தது. மணியை அவளே அடித்துக்கொண்டு, விடுதி ஜன்னல்கள் சடசடவென்று திறப்பதைக் கோபுரத்திலிருந்து பார்ப்பாள். அந்த வேலையில் அவள் இத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருந்ததற்குச் சம்பளம் காரணமில்லை என்பது, அந்தச் சம்பளத்தை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இந்த இலையுதிர்காலத்தில் 'மாணவர் அனுபவத் துணைத்தலைவர்' என்ற புதிய பதவிக்கு டாக்டர் பிரென்ட் ஹால்வர்சன் வந்து சேர்ந்தார். முன்பு ஒரு சொகுசு விடுதியில் விருந்தினர் அனுபவத்தைக் கவனித்தவர். வந்த அன்றே எல்லோரிடமும் "என்னை சும்மா பிரென்ட்னே கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார். மறுவாரமே, மலை நாளுக்கென்று எழுத்தில் ஒரு விதிகூட இல்லை என்ற அதிர்ச்சித் தகவலைக் கண்டுபிடித்து, 'ஆச்சரிய ஒருங்கிணைப்புக் குழு' ஒன்றை நிறுவினார். குழுவில் அவர், கல்லூரி வழக்கறிஞர், மாணவர் பிரதிநிதியாக இரண்டாம் ஆண்டு மாணவி கோரா ஃபிஸ்க். குறிப்பெழுத வின்னி.

முதல் கூட்டத்திலேயே வழக்கறிஞர் நெற்றியைத் தடவினார்.

"முன்கூட்டி சொல்லாம ஒருத்தரை ஆச்சரியப்படுத்தினா, அவர் ஆச்சரியப்பட்டுடுவார். அதுதான் சிக்கல்."

"நூத்தி முப்பது வருஷத்துல யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கா?" என்று கேட்டார் ஹால்வர்சன்.

"ஆகலை. அதனால இனிமே ஆகறதுக்கு வாய்ப்பு அதிகம்."

இந்தத் தர்க்கத்தைக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பிறகு, எந்த ஆச்சரியத்துக்கும் குறைந்தது பதினான்கு நாள் முன்னறிவிப்பு தேவை என்று தீர்மானமாயிற்று. கோரா கையைத் தூக்கினாள்.

"சார், தேதியச் சொல்லிட்டா அப்புறம் அது எப்படி ஆச்சரியம் ஆகும்?"

"ரொம்ப நல்ல கேள்வி, கோரா. நல்ல கேள்வி எல்லாத்தையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறது நம்ம வழக்கம். வின்னி, எழுதிக்கிட்டீங்களா?"

"நல்ல கேள்வின்னு எழுதவா, தள்ளிவச்சீங்கன்னு எழுதவா?"

"ரெண்டையும் எழுதுங்க. நம்ம வெளிப்படையா இருக்கணும்."

அடுத்தடுத்த கூட்டங்களில் ஆச்சரியம் மளமளவென்று வளர்ந்தது. தேதி அக்டோபர் பதினேழு. மழை வந்தால் பதினெட்டு. அதற்கு 'மாற்று ஆச்சரியம்' என்று பெயர். மணியோசை காதுக்குக் கேடு என்பதால் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. குன்றில் ஏறினால் சறுக்கும் என்பதால், குன்று நன்றாகத் தெரியும்படி வாகன நிறுத்துமிடத்தில் நிற்பது. டோனட்டில் கோதுமை, முட்டை, பால், மகிழ்ச்சி எல்லாம் கலந்திருப்பதால், யாருக்கும் ஒவ்வாமை தராத, யாரும் வாயில் வைக்காத ஓட்ஸ் துண்டு. மாணவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டிய படிவத்தை வழக்கறிஞர் தம் கைப்பட எழுதினார்: "அக்டோபர் 17 அன்று நான் ஆச்சரியப்படவிருக்கிறேன் என்பதை இதன்மூலம் அறிந்துகொண்டேன். அன்றைய தினம் அறியாததுபோல் நடந்துகொள்வேன் என உறுதியளிக்கிறேன்."

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஒத்திகையும் நடந்தது. கல்லூரியின் 'இலையுதிர்காலச் செய்திகள்' இதழ் ஐந்தாம் தேதியே அச்சுக்குப் போய்விடும். பதினேழாம் தேதி நடந்ததை ஐந்தாம் தேதி எழுதுவதற்குப் புகைப்படம் வேண்டுமே. மூன்று மாணவர்களை ஒரு மேப்பிள் மரத்தடியில் நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி வியப்பில் வாயைப் பிளந்து நிற்கும் அழகு எல்லோரையும் கவர்ந்தது. அவள் கொட்டாவி விட்டாள் என்பது கோராவின் தனிப்பட்ட கருத்து.

ஏழாவது கூட்டத்தில் ஹால்வர்சன் வின்னியின் பக்கம் திரும்பினார்.

"கோபுரச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒப்படைச்சுடுங்க. உங்க பொறுப்புல ஒரு பாரம் குறைஞ்சுதுன்னு நினைச்சுக்குங்க."

வின்னி தலையாட்டினாள். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டாள். அவளிடமிருந்து அந்த ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டு, பாரம் குறைந்தது என்று சந்தோஷப்படவும் சொல்கிறார்களே என்று பொருமினாள். செவ்வாய்க்கிழமை சாவியைக் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷம் முன்பு ஒரு பனிப்புயலில் கோபுரக் கதவின் பூட்டு உடைந்துபோனதையும், அதைச் சரிசெய்யும் கோரிக்கை இன்னும் 'பரிசீலனையில்' இருப்பதையும் பற்றி ஹால்வர்சன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மூன்று நாளாக ஊற்றிக்கொண்டிருந்த மழை புதன்கிழமையோடு ஓய்ந்தது. ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை விடிந்தபோது குன்று மொத்தமும் சிவப்பும் மஞ்சளுமாக நின்றது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஒன்பது மணிக்கு வேதியியல் தேர்வு. ஆறரை மணிக்கே வளாகத்துக்கு வந்துவிட்ட வின்னி, சமையற்கூடத்தின் பின்வாசலில் காபிக் கோப்பையோடு நின்ற தலைமைச் சமையல்காரர் ரோலண்ட் பெனுவாவைப் பார்த்தாள்.

"என்ன வின்னி, இவ்ளோ சீக்கிரம்? எட்டாவது கூட்டத்துக்குக் குறிப்பு எடுக்கவா?"

"அது ஏழு மணிக்கு. இன்னைக்கு என்ன வாசனை அடிக்குது உன் அடுப்புல?"

"அறுநூறு டோனட்டுக்கு மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன்."

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? முப்பது வருஷமா இங்க கரண்டி பிடிக்கிறேன், வானத்தைப் பாக்கத் தெரியாதா எனக்கு? நீ அடிக்கலைன்னா நானே அத்தனையும் தின்னு சாகணும். என் பாவம் உனக்கு வேணாம்."

"வேலை போயிடும்யா."

"போனா போகுது. இன்னிக்கு மாதிரி வெயில் போனா வருமா?"

வின்னி கைபேசியை எடுத்தாள். கல்லூரித் தலைவர் ஒரு நன்கொடையாளரைத் தேடி அரிசோனா போயிருந்தார். அங்கே மணி மூன்றே முக்கால்.

"வெயில் அடிக்குதா?" என்றது தூக்கக் குரல்.

"அடிக்கும் சார்."

"அப்ப நான் முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் தூங்கப்போனார். தம் பதவிக்காலத்தில் அவர் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு அது. அதை எடுத்ததே அவருக்கு நினைவில் இல்லை என்பதுதான் அவருடைய தன்னடக்கம்.

ஏழு மணிக்கு வின்னி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் அடிக்கு ஒரு ஜன்னல் திறந்தது. மூன்றாவது அடிக்கு நாற்பது. பத்தாவது அடிக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டும் ஒற்றைச் செருப்போடும் பிள்ளைகள் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட கைகள்தான். அவற்றைத் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். வின்னி அழுதுகொண்டே அடித்தாள்.

அதே நேரத்தில் குழு தன் எட்டாவது கூட்டத்தில், 'உங்கள் ஆச்சரியத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுக' என்ற கேள்வித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தது. அங்கே நடந்ததைக் கோரா குன்றின் மேல் மூச்சிரைக்க வந்து சொன்னாள்.

"ஹால்வர்சன் சார் பேனாவைக் கீழ போட்டுட்டார். 'என்ன சத்தம் அது?'ன்னார். வக்கீல் 'மணி'ன்னார். 'இன்னிக்கு ஒன்பதுதானே, எப்படி அடிக்கும்?'னு திருப்பித் திருப்பிக் கேட்டார். முகத்தைப் பாக்கணுமே வின்னி. அப்படியே சின்னப் புள்ள மாதிரி."

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்ளோ போடலாம்?"

"அஞ்சு. தாராளமா."

வேதியியல் பேராசிரியரும் மலையேறும் காலணியோடு வந்திருந்தார். தேர்வு ரத்தானதற்கு வருந்துகிறீர்களா என்று வின்னி கேட்டபோது, டோனட்டை மென்றுகொண்டே, "நான் கேள்வித்தாளே தயாரிக்கலையே. உங்களை எனக்கு ஒன்பது வருஷமாத் தெரியுமே" என்றார். அன்று எவரும் சறுக்கவில்லை. ரோலண்டின் டோனட் பத்து மணிக்கே தீர்ந்துபோனது. கோரா ஆறு தின்றாள்.

மறுநாள் நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒன்பதாம் தேதி நிகழ்ந்தது மலை நாள் அல்ல; அது 'அங்கீகரிக்கப்படாத மகிழ்ச்சி'. அதை அனுபவித்தவர்கள் பதினேழாம் தேதிக்குரிய உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

பதினேழாம் தேதி மழை கொட்டியது. பதினெட்டாம் தேதியும் கொட்டியது. இரண்டு நாளும் குறுஞ்செய்தி குறித்த நொடியில் போய்ச் சேர்ந்தது. வாகன நிறுத்துமிடத்தில் ஹால்வர்சனும் வழக்கறிஞரும் ஒரே குடையின் கீழ், குன்று இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு ஓட்ஸ் துண்டோடு நின்றார்கள். படிவங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டும் கையெழுத்தாகியிருந்ததால், பங்கேற்பு நூறு சதவீதம் என்று பதிவாயிற்று. செய்தி இதழ் எப்போதோ அச்சாகி வந்து, மாணவர்கள் மகிழ்ச்சியில் திளைத்ததை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை நாலு இருபதுக்கு ஹால்வர்சன் வின்னியைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஓர் உறை இருந்தது.

"உட்காருங்க வின்னி. உங்க பதவிய மறுசீரமைப்பு செஞ்சிருக்கோம்."

"என்னவா மாத்தியிருக்கீங்க?"

"இல்லாததா."

வின்னிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மேசையிலிருந்த உறையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

ஹால்வர்சன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிலேர்ந்து."

"சார், எதையும் பதினாலு நாள் முன்னாடியே சொல்லணும்னு நம்ம குழுதானே விதி போட்டுச்சு? என் கையாலதானே எழுதினேன்."

ஹால்வர்சன் மிகப் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். "அந்த விதி சந்தோஷமான விஷயங்களுக்கு மட்டும்தான், வின்னி. ஆளை வேலையிலேர்ந்து நிறுத்தறதுக்கு நம்ம நாட்டுல முன்னறிவிப்பு எதுவும் தேவையில்ல. வக்கீல்கிட்ட கேட்டுட்டேன்."

வின்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்தவர்கள் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஹால்வர்சனே கொஞ்சம் பயந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நாலு ஐம்பதுக்கு மேசையைக் காலி செய்தாள். ரோலண்ட் ஒரு பெட்டியைத் தூக்க, கோரா இன்னொன்றைத் தூக்க, படியிறங்கும்போதும் சிரிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

ஆகையால் டாம்சனில் ஆச்சரியம் ஒழிந்துபோயிற்று என்று எவராவது அவதூறு பேசினால் நம்பாதீர்கள். குழு கூட்டாமல், படிவம் இல்லாமல், ஒத்திகை பார்க்காமல், ஒரு பெண்ணின் இருபத்தேழு வருஷத்தை நாற்பது நிமிஷத்தில் முடித்துவைக்கும் அளவுக்கு அது அங்கே ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு நாள் வெயில் காட்டுவதற்குத்தான் அந்தக் கல்லூரிக்கு அவகாசம் தேவைப்படுகிறது.