உங்கள் பங்குப் பன்றித்தலை போன இடம்

லும்பன் தோலோக்,
ஞாயிறு, சர்ச் முடிந்த மத்தியானம்.

சிலாபன் குலத்தின் பெருமையும் பெக்காசி நகரத்து டயர்களின் நம்பிக்கையுமான பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. மருலி அவர்களுக்கு, தங்கள் தங்கை லம்ரியாவின் கணவனும் ரோசிந்தாவின் தகப்பனுமாகிய பின்சார் மனாலு தலை குனிந்து எழுதிக்கொள்வது. தலை குனிந்து என்பதைக் கடித மரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மச்சான். புதன்கிழமையிலிருந்து கழுத்து நிமிரவில்லை. இங்கே மழையும் குளிரும் வழக்கம்போல நலம். அங்கே தாங்களும் அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருக்கவும், சாலையில் ஆணிகள் குறையாமல் கடை செழிக்கவும் கர்த்தரை வேண்டுகிறோம்.

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மூச்சு விட்டுக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது வெட்ட வேண்டும் என்று உங்கள் தங்கை தவிடும் வள்ளிக்கிழங்கும் போட்டு வளர்த்தாளே, கறுப்புப் பன்றி, அது இப்போது இல்லை. அதை நான் காகிதக்கூழ் ஆலைக்காரனுக்கு வெட்டிப் போட்டுவிட்டேன். பெண் கொடுத்த வீட்டாருக்கென்று உங்கள் முன்னால் வரவேண்டிய தலையும் தாடையும் அவன் முன்னால் போயிற்று. யாரோ கொண்டுபோய் வைத்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. நான்தான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்தேன். படம் ஃபோனுக்கு ஃபோன் சுற்றுகிறதாம், பெக்காசிக்கும் வந்திருக்கும். மஞ்சள் கோட்டு போட்ட ஒருவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் மட்டும் நனைந்தபடி பின்னால் ஓடுகிற தொந்திக்காரர் யார் என்று கடையில் யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஃபோனில் உங்கள் குரலைக் கேட்கிற தைரியம் இல்லாததால்தான் தபால்தலைக்குச் செலவு செய்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் சாம்பிராணிக் காட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் பாலை விற்றுத்தான் ரோசிந்தா நர்ஸ் ஆனாள், அதன் பாலை நம்பித்தான் நீங்கள் எனக்குப் பெண்ணே கொடுத்தீர்கள். அடுத்த மலையில் ஆலைக்காரர்கள் தைல மரம் நட்டது முதல் அந்தப் பக்கத்து ஓடையில் வாளி முங்குவதில்லை. இப்போது அரசாங்க வரைபடத்தில் நம் காடும் அவர்கள் தோட்டம்தானாம், சாம்பிராணி மரமெல்லாம் நடுவில் முளைத்த களையாம். ரம்பக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் கூடி, காட்டு வழிக்குக் குறுக்கே ஒரு பெரிய கட்டையை உருட்டிப் போட்டு, கொட்டகை கட்டி, முறை வைத்து உட்கார்ந்தோம். பெண்கள் முன்வரிசை. மங்காரா காவலுக்குத் தலைவன், ஏனென்றால் முதல் தோப்பு அவனுடையது, அவனுக்குத் தூக்கமே கிடையாது. பேச்சுக்கு நான். கல்யாணத்தில் ஒரு கோழிக்காலுக்காக மூன்று மணி நேரம் பேசுகிறவன் காட்டுக்காக எவ்வளவு பேசுவான் என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது. நானும் மாட்டுக்கொட்டகையில் நின்று ஒத்திகை பார்த்தேன். எருமை அழுதது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், தலையையாவது ஆட்டியது.

புதன்கிழமை காலை, நல்ல மழை. ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் மண் தோண்டும் இயந்திரத்தை ஏற்றிய லாரி, அதற்குப் பின்னால் ரம்பக்காரர்கள் ஒரு வண்டி. ஜீப்பிலிருந்து மஞ்சள் கோட்டு போட்ட பையன் ஒருவன் இறங்கினான். முப்பத்தைந்து வயதிருக்கும். கூடவே கேமராக்காரன். "ஹோராஸ்!" என்று நம் முறைப்படி வணக்கம் சொல்லி இரண்டு கையையும் தூக்கினான். ஒத்திகையின் முதல் வரி, 'இந்தக் காடு எங்கள் உடம்பு', நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் நம் ஜனத்தின் வியாதி உங்களுக்குத் தெரியுமே, மச்சான். திருடனைப் பிடித்தால்கூட அடிப்பதற்கு முன்னால் குலம் கேட்போம். ஏதாவது முறையாகிவிட்டால் எங்கே அடிப்பது என்று தெரிய வேண்டுமல்லவா. வாய் அதுபாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி எந்தக் குலம்?"

"சிலாபனுங்க. வில்மார் சிலாபன்."

என் தலை தானாகவே குனிந்துவிட்டது.

"சிலாபனா? அட, என் பொண்டாட்டி சிலாபன் வீட்டுப் பொண்ணுப்பா! தலைமுறைக் கணக்குப் பாத்தா அவளுக்கு நீ தம்பி முறை!"

"அப்ப நீங்க எனக்கு அத்தான்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பின்னாலிருந்து மங்காரா கத்தினான். "டேய் பின்சார், காட்டப் பத்திப் பேசுடா! கல்யாணம் பேசிக்கிட்டு நிக்கிறான் பாரு!"

பேசியிருக்கலாம். ஆனால் பெண் கொடுத்த வீட்டு மனுஷன், வயதில் சின்னவனானாலும் முறையில் பெரியவன், மழையில் நிற்கிறான். அவன் முகத்துக்கு நேரே நான் எப்படி மாட்டேன் என்று சொல்வது? நம் வழக்கத்தில் அதற்கு வார்த்தையே இல்லையே. மச்சான், இந்த இடத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். விருந்தாளியை வாசல் கட்டைக்கு வெளியே நிறுத்தி வைப்பது மரியாதை இல்லையென்று கட்டையின் ஒரு முனையை நானே பிடித்தேன். கட்டை உருண்டது. ஜீப் உள்ளே வந்தது, அதன் பின்னால் கல்யாண ஊர்வலம் மாதிரி லாரியும் ரம்பக்காரர்களும் வந்தார்கள். தடுத்திருக்கலாம்தான், விருந்தாளியோடு வந்தவர்களில் யார் சாப்பிட வந்தவர், யார் வெட்ட வந்தவர் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்று அந்த நேரத்தில் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வளைவு தாண்டிவிட்டார்கள்.

பிறகு வீட்டில் பாய், பாய்க்கு மேல் பாய், கள்ளுக்கடையிலிருந்து புதுக் கள், அப்புறம் பன்றி. உங்கள் தங்கை கொல்லை வாசலில் நின்றுகொண்டு, "ரோசிந்தா அப்பா, அது எங்கண்ணனோட பன்னி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "உன் தம்பிதானே திங்கிறான், வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றேன். அந்த மூளையெல்லாம் கட்டைக்கிட்ட நிற்கும்போது எங்கே போனது என்று கேட்காதீர்கள். வில்மார் நடுப்பாயில் உட்கார்ந்து, ஆலை வந்தால் சாலை வரும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வரும், வாலிபால் வலை வரும் என்று சொல்லிக்கொண்டே போனான். வலை என்றதும் நான் கை தட்டினேன். நான் ஒருவன்தான் தட்டினேன். தட்டி முடித்த அமைதியில்தான் கேட்டது, மலைப் பக்கமிருந்து ரம்பச் சத்தம்.

மங்காரா எழுந்து ஓடினான், ஆண்களெல்லாம் பின்னாலேயே ஓடினார்கள். நான் மட்டும் அகப்பையோடு நின்றேன். பரிமாறுகிறவன் பாதியில் போகக்கூடாதல்லவா. அவர்கள் போய்ச் சேர்ந்து ரம்பத்தை நிறுத்துவதற்குள், அவன் தோப்பின் முதல் வரிசை கீழே கிடந்ததாம். அவன் அப்பா பால் எடுக்கக் கீறிய மரங்கள். மங்காரா திரும்பி வந்தபோது தோளில் ஒரு துண்டம் இருந்தது. வெட்டின வாயில் வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது, வீடு பூராவும் வாசனை. அதைக் கொண்டுவந்து பன்றித்தலைக்குப் பக்கத்தில் பாயின்மேல் வைத்தான்.

"விருந்துக்கு வெறகு பத்தாதுன்னு பாத்தேன்" என்றான். என்னைப் பார்க்காமலே போய் வாசற்படியில் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மச்சான். அந்த வாசனை இன்னும் பாயை விட்டுப் போகவில்லை.

வில்மார் கெட்டிக்காரன், நிலைமையைச் சமாளிக்க எழுந்து நின்றான். "அக்காவுக்கும் அத்தானுக்கும் பொறந்த வீட்டு உலோஸ் போத்தணும்" என்று ஜீப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சால்வை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான். கேமராக்காரன் கிட்டே வந்தான். நான் தோளைக் குனிந்து கொடுத்தேன். புதன்கிழமை நான் குனியாத இடம் இல்லை. அப்போதுதான் லம்ரியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, இது மெஷின் துணி. நம்ம ஊர் மழைக்கு ஒரு வருஷம் தாங்காது" என்றாள், கொஞ்சுகிற மாதிரி. "பொறந்த வீட்டுல பொண்ணுக்குக் குடுக்கற இன்னொரு உலோஸ் இருக்கே, நைஞ்சே போகாத உலோஸு, அது தெரியுமா?"

"தெரியுமேக்கா" என்றான், சிரித்துக்கொண்டே.

"என்னதுன்னு சொல்லேன். சனங்க கேக்கட்டும்."

"அது... நெலம்க்கா. பொண்ணுக்குக் குடுக்கற நெலத்த அப்படிச் சொல்றது." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எங்க காடுன்னு நாங்க சொல்றோம். இல்ல, எங்களுதுன்னு உங்க ஆல சொல்லுது. சரி, சண்ட எதுக்கு, உங்களுதுன்னே வச்சுக்குவோம். இப்ப அக்கா கேக்கறேன். குடு."

அவன் கேமராக்காரனைப் பார்த்தான். அந்தப் பையனோ, பாவம், வேலையில் உண்மையானவன், இன்னும் கிட்டே வந்தான். "அக்கா, மேல கேட்டுத்தான்..." என்று இழுத்தான் வில்மார்.

"மேல கேட்டா என் பன்னியத் தின்ன? தலையத் தின்னுட்டு தங்கச்சிக்கு, அக்காவுக்கு இல்லன்னு சொன்ன சிலாபன் எவனாவது உண்டா? அப்படி இருந்தா அவன் சிலாபனே இல்ல."

முன்வரிசைப் பெண்கள் சேர்ந்து, "சொல்லு தம்பி, சொல்லு தம்பி" என்று பாட்டாகவே ஆரம்பித்துவிட்டார்கள். அவன் நெற்றியில் வேர்வையா பன்றிக் கொழுப்பா தெரியவில்லை. கடைசியில், "சரி, அக்காவுக்குக் குடுத்தேன்" என்றான், தொண்டைக்குள்ளேயே. வீடே இடிகிற மாதிரி "அப்படியே ஆகட்டும்!" என்று மூன்று முறை சொன்னோம். மூன்றாவது முறை நானும் சேர்ந்துகொண்டேன். உடனே பெண்கள் எழுந்து போய், 'இது எங்க உலோஸ், உங்க செருப்பு அதும்மேல இருக்கு' என்று ரம்பக்காரர்களை நகர்த்திவிட்டு, அந்தத் தோண்டும் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அது சாயங்காலம் இறங்கிப் போனது. போனது என்றால், வெகுதூரம் இல்லை. சாலைமுனையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம் வட்டார அலுவலகத்தில் விசாரணை. ஆலைக்காரர்கள், விருந்தில் ஒரு ஊழியன் சொன்ன வார்த்தை எங்களைக் கட்டாது என்கிறார்கள். அங்கே சிலாபன் குலத்து மூத்தவராக நீங்கள் வந்து, உங்கள் தம்பி முறைக்காரன் கொடுத்த வாக்கு குலத்தின் வாக்கு என்று எழுந்து சொன்னால், நமக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லாவிட்டால் தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார்கள், இந்தத் தடவை கட்டையை உருட்ட என் உதவிகூட அவர்களுக்கு வேண்டியிராது. கடையை இரண்டு நாள் அண்ணி பார்த்துக்கொள்ளட்டும். பன்றி கிடையாது, கோழி இருக்கிறது. எனக்கு ஊரில் இப்போது பேச்சு வேலை எதுவும் இல்லை. காவலுக்குக் காப்பி போடுகிறேன். மங்காரா நான் போட்ட காப்பியைக் குடிக்கிறான், தம்ளரை மட்டும் நான் கீழே வைத்த பிறகுதான் எடுக்கிறான். லம்ரியா இந்த வாரம் என்னைச் சாம்பிராணி கீறப் போக விடவில்லை. மனசில் பொய் இருக்கிறவன் கீறினால் மரம் பால் கொடுக்காது என்பது அவள் கட்சி. மரியாதை செய்தது எப்படிப் பொய்யாகும் என்று நான் வாதாடவில்லை, வாதாடுகிற நிலைமையில் இல்லை.

பெண் எடுத்த வீட்டான் ஆசீர்வாதம் சொல்லக்கூடாது, கேட்கத்தான் வேண்டும். ஆகவே உங்கள் பேரன் பேத்திகள் பெருக வேண்டும் என்று மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டு, என் தலைமேல் ஒரு பிடி அரிசி போட்டு மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம். ஹோராஸ், ஹோராஸ், ஹோராஸ்.

இப்படிக்கு,
குனிந்த தலையோடு,
பின்சார் மனாலு (ரோசிந்தாவின் அப்பா)

பின்குறிப்பு: லம்ரியா இதைப் படித்துவிட்டு, கீழே உள்ளதையும் எழுதாவிட்டால் உறையை ஒட்ட விடமாட்டேன் என்று பசையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த வில்மார் சிலாபன் இல்லை. அவன் குலம் சொன்னதுமே அவள் அவனிடம், நீ பல்தசார் பெரியவர் வழியா என்று கேட்டாள். ஆமாக்கா, எங்க தாத்தாவோட அண்ணன் என்றான். பல்தசார், உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் அப்பா வைத்திருந்த எருமை. ஆகவே விசாரணையில் நீங்கள் அவனைத் தம்பி என்று சொல்லிப் பொய் சாட்சி கொடுக்க வேண்டாமாம். நிஜ அண்ணனாக வந்து அவள் பக்கத்தில் கட்டைமேல் உட்கார்ந்தால் போதுமாம், மீதியை அவள் பேசிக்கொள்வாளாம். எருமை விஷயத்தை அவள் என் காதில் சொன்னது, நான் கட்டையைத் தொடுவதற்கு முன்னால். காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் அதற்குள் அவன், பாலிகே டவுன் வரைக்கும் பேர் போன அந்தப் பேச்சாளர் நீங்கதானா என்று என்னைக் கேட்டிருந்தான்.