ஒரு லிஃப்டும் மூன்று கௌரவங்களும்

"திறப்பு விழாப் பலகையில வெறும் 'கௌரவ' எண்டு மட்டும் போட்டிருக்கிறீங்கள். எங்கட ஐயா கலாநிதியும் எல்லோ?" என்றது தொலைபேசி.

"ஓம் ஓம், என்ர பிழைதான்," என்றார் கிளெமென்ற், எழுந்து நின்றபடி. பேசியது பிரதி அமைச்சரின் அந்தரங்கச் செயலாளர். அப்படிப்பட்டவரோடு உட்கார்ந்துகொண்டு கதைப்பது மரியாதையல்ல.

"தேசமான்ய பட்டமும் இருக்கு."

"அதையும் போடுவம், சேர்."

துறைமுகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதி ஓய்வுபெற்றவர் கிளெமென்ற். யாருக்கு 'அதிமேதகு', யாருக்கு 'மேன்மைதங்கிய', யாரை வெறும் 'திரு'வோடு விட்டுவிடலாம் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். இப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். அங்கே புது லிஃப்ட் பொருத்தி முடிந்து மூன்று வாரமாகிவிட்டது. "ஒரு பெரிய மனுசர் வந்து ரிபன் வெட்டாமல் ஆரும் அதுக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்று கூட்டத்தில் சொன்னவரும் அவர்தான். கீழ்மாடிக் கதவுக்குக் குறுக்கே தன் கையாலேயே சிவப்பு ரிபனைக் கட்டி, முடிச்சுக்குமேல் முடிச்சும் போட்டிருந்தார்.

ஆனால் அந்த லிஃப்டுக்காக அவரளவு தவித்தவர் எவருமில்லை. ஐந்தாம் மாடியில் அவருடைய மனைவி மரியகொறற்றி நான்கு மாதமாக முழங்கால் வலியோடு இருக்கிறாள்.

"அந்தோனியார் திருநாளுக்கு என்னைக் கீழ இறக்காட்டி, நான் நீர்கொழும்புக்குத் தங்கச்சி வீட்ட போயிடுவன். நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ," என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

நீர்கொழும்புக்குப் போவதற்கும் முதலில் கீழே இறங்கத்தானே வேண்டும் என்று கேட்கிற துணிவு கிளெமென்றுக்கு வரவில்லை. அன்றிலிருந்து மீன், மரக்கறி, பாண் எல்லாவற்றையும் அவரே ஐந்து மாடி சுமந்தார். லிஃப்ட் பொருத்திய நாள் தொடக்கம் மரியகொறற்றி அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. பொறுமை என்று எண்ணிக்கொண்டார். இருபத்தொன்பது வருடக் கல்யாணத்தில் அப்படியொரு பொறுமையை அவர் அதுவரை கண்டதில்லை.

பெயர் பொறிக்கும் ஜனா, கலாநிதியையும் தேசமான்யவையும் சேர்த்துப் பித்தளைப் பலகையைப் புதிதாக அடித்துக் கொண்டுவந்தான். மறுநாளே வட்டார மாநகர சபை உறுப்பினர் நேரில் வந்து நின்றார்.

"நானும் கௌரவதான். இந்த ஒழுங்கைக்கு லைட் போட்டது நான். என்ர பேர் அவருக்குக் கீழயோ?"

"கீழ இல்ல சேர், அடுத்த வரி."

"அடுத்த வரி கீழதானே கிடக்கு?"

இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டார்கள். இடப்பக்கம் யார் என்று அமைச்சர் பக்கம் கேட்டது. அதற்கு ஒரு வழி காண்பதற்குள் இரண்டாம் மாடி ஜவாத், ஓய்வுபெற்ற நீதிபதி, கிளெமென்றைப் படிக்கட்டில் மறித்தார்.

"மிஸ்டர் கிளெமென்ற், கௌரவம் பென்ஷனோட முடியிறதில்ல. தெரியுந்தானே?"

"தெரியும் சேர்."

"பலகைக்கும் தெரியோணும்."

கிளெமென்ற் தலையில் கைவைத்தபடி ஜனாவின் கடைக்குப் போனார். சங்கப் பொருளாளர் இப்திகாரும் கூடப் போனார்.

"வட்டமா அடிப்பம் அண்ண," என்றான் ஜனா. "வட்டத்துக்கு முதலும் இல்ல, கடைசியும் இல்ல."

"மேல்பக்கம் எண்டு ஒண்டு ஈக்கிதே," என்றார் இப்திகார். "அதுல யாரு?"

ஜனா சற்று யோசித்தான். "அப்ப நடுவில ஒரு ஆணி. சுத்தலாம். வாறவர் தன்ர பேரைத் தானே மேல எடுக்கட்டும்."

இந்த யோசனையை மூன்று கௌரவங்களும் ஏற்றுக்கொண்டன. கிளெமென்ற் மகிழ்ச்சியோடு ஐந்து மாடி ஏறி வந்தபோது, மரியகொறற்றி கதவைத் திறந்து, "வட்டமாமே?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அவரிடம் மூச்சு இருக்கவில்லை.

இடைக்கிடை லிஃப்டின் இரைச்சல் கேட்கும். கம்பெனி ஆள் ஸியாம் அடிக்கடி வந்து 'டெஸ்ற்' பண்ணுவதாகச் சொல்லியிருந்தான். இந்தக் காலத்தில் இப்படியொரு கடமையுணர்ச்சியா என்று கிளெமென்ற் அவனுடைய கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதமே எழுதினார், 'பெருமதிப்புக்குரிய' என்று தொடங்கி.

திருநாளுக்கு முதல்நாள் திறப்பு விழா. பிரதி அமைச்சர் வந்தார், பலகையைச் சுற்றித் தன் பெயரை மேலே எடுத்தார், கைதட்டினார்கள். மாநகர சபை உறுப்பினர் மாலையைச் சரிசெய்வதுபோல் கிட்டே போய் ஒரு சுற்றுச் சுற்றினார். நீதிபதி ஜவாத் ஊன்றுகோலின் நுனியால் மெல்லத் தள்ளினார். அமைச்சர் திரும்பவும் கை வைத்தார். பிறகு மூன்று கையும் ஒரே நேரத்தில் பலகையில் இருந்தன.

ஆணி கழன்றது.

பித்தளை வட்டம் சீமெந்துத் தரையில் விழுந்து, எழுந்து, வாசலைத் தாண்டி ஒழுங்கையில் உருண்டது. அமைச்சர் ஓடினார். உறுப்பினர் ஓடினார். நீதிபதி ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். மெய்க்காவலர்களும் மாலைக்காரர்களும் பின்னால் ஓடினார்கள். யார் முன், யார் பின் என்று அப்போது எவரும் பார்க்கவில்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் வாகன ஹோர்ன் சத்தம் பலமாகக் கேட்டது.

வாசலில் கிளெமென்றும் ஸியாமும் மாத்திரம் மிஞ்சினார்கள். விடிந்தால் திருநாள். கிளெமென்ற் வெல்வெட் தட்டிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார், ரிபனைப் பார்த்தார். முப்பது வருட உத்தியோகத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். யாரையும் கேளாமல், எந்தப் பட்டமும் சொல்லாமல், ரிபனைத் தானே வெட்டினார்.

"போதும் இந்தக் கௌரவமெல்லாம்," என்றார். "ஸியாம், ஐஞ்சாம் மாடிக்குப் போய் அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாரும். இந்த லிஃப்டில முதலாவதா ஏறுறது அவவா இருக்கட்டும்."

ஸியாம் தலையைச் சொறிந்தான்.

"ஸேர், நீங்க ரிபன் கட்டினது கீழ்மாடில மட்டுந்தானே. அஞ்சு கிழமையா எல்லாரும் முதலாம் மாடில ஏறுறாங்க, அன்ரிதான் முதல் ஆள். இந்த பில்டிங்ல இனி ஏறாம மிச்சம் ஈக்கிறது நீங்க ஒராள் மட்டுந்தான்."