கொழுக்கட்டைக்குள் படம் பிடித்தவர்

பிள்ளையாருக்குப் படைக்கும் முன்பே கொழுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரே மனிதர் எங்கள் மாடியில்தான் குடியிருந்தார். திருமுல்லைவாயிலில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ‘கொழுக்கட்டை சார்’ என்றால் பால்காரர்கூட எங்கள் வீட்டைக் காட்டுவார்.

கல்லூரியில் ஆராய்ச்சியாம். கண் இமைக்கும் முன் உடம்புக்குள் ரேடியோ அலையைப் பாய்ச்சினால், உள்ளே இருப்பது துளி சூடாகி, துளி உப்பி, சத்தம் போடுமாம். நம் காதுக்குக் கேட்காதாம். சுற்றிலும் கருவி வைத்துக் கேட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படம் வரையுமாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

மனுஷன்மேல் சோதிக்க அனுமதி வரவில்லை. கொழுக்கட்டையோ வெளியே மாவு, உள்ளே பூரணம். கட்டி உள்ள உடம்புக்கு அதுதான் சரியான மாதிரி என்று கண்டுபிடித்தார், மகா மேதை. சதுர்த்திதோறும் டப்பாவோடு அடுப்படியில் நிற்பார்.

ஒருநாள் படத்தோடு ஓடி வந்தார். “அக்கா, இதுக்குள்ள ரெண்டு பூரணம் கீழ மேல இருக்கு!”

என் மனைவி கொழுக்கட்டையைப் பிட்டாள். ஒன்றுதான். “இன்னா தம்பி, இதுக்கா அம்மாம் பெரிய மெஷினு?”

“மாவுல சத்தம் போற வேகம் வேற, பூரணத்துல வேற. ரெண்டும் ஒண்ணுன்னு கணக்குல வெச்சுட்டேன்க்கா.” தப்புச் செய்தவருக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

அடுத்த மாதம் என் மனைவிக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரி என்றாலே அழுதாள். கடைசியில் மாடிக்கு ஏறிப் போனாள், நானும் பின்னால் போனேன்.

“தம்பி, உன் மெஷின்ல என்னியும் பாத்துடேன். நமக்குத் தெரிஞ்ச மெஷினாச்சே.”

அவர் அந்த ரெண்டு பூரணப் படத்தை எடுத்து அவள் முன் நீட்டினார். பிறகு சொன்னார்: “இல்லாத பூரணத்தைக் காட்டுன மெஷின்க்கா அது. கொழுக்கட்டைன்னா பிட்டுப் பாத்துக்கலாம். உங்கள எப்படி? நாளைக்கே ஆஸ்பத்திரி. நானும் வரேன்.”

வந்தார். ஸ்கேன் அறை வாசலில் எனக்கு, வாட்ச்மேனுக்கு, பக்கத்தில் இருந்த கர்ப்பிணிக்கு, எல்லோருக்கும் படம் உருவாகும் விதத்தை விளக்கினார். நர்ஸ் அதட்டிய பிறகுதான் அடங்கினார். அப்போதுதான் கவனித்தேன், கொழுக்கட்டை டப்பாவைக் காலியாகவே கொண்டுவந்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வெறும் கொழுப்புக்கட்டி என்றார் டாக்டர். நான் ‘பிள்ளையாரே!’ என்று கும்பிட்டேன். இவர், “அந்தப் படத்தை ஒரு தடவை பாக்கலாமா டாக்டர்?” என்றார்.

இப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை. சதுர்த்தி வந்தால், படையலுக்கு முன்பே ஒரு கொழுக்கட்டையை என் மனைவி தனியே எடுத்து வைக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. பிள்ளையாரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.