பள்ளிக்கூடத்தைக் கூறு போட்டவர்

கூட்டத்தை ஜென்ம விரோதியாகப் பார்த்த ஒரே மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் எங்கள் கூறு சாராகத்தான் இருக்க முடியும். கல்யாணப் பந்தியில்கூடச் சும்மா இருக்க மாட்டார். வேகமாகச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் மெதுவாகச் சாப்பிடுகிறவரை மாற்றி உட்கார வைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் இடையே கடலோரமாக இருந்த ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். நான் மதுரைப் பக்கத்துக்காரி. ஊரில் ஒருவரையும் தெரியாது. தலைமையாசிரியர் பதவி காலியாகக் கிடந்ததால் வரலாறு எடுத்த கூறு சார்தான் பொறுப்பில் இருந்தார்.

நான் சேர்வதற்கு முந்தைய வருஷம் அவருக்கு ஞானோதயம் வந்ததாம். குப்பத்துக் கரைக்கு மீன் வாங்கப் போனவர், மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருந்ததை நின்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கூறிலும் பெரிய மீன் ஒன்று, நடுத்தரம் கொஞ்சம், பொடி ஒரு கை. மீன் வாங்காமலே ஓடி வந்துவிட்டார். மறுநாள் பள்ளி முழுவதையும் மைதானத்தில் நிற்க வைத்து, பத்தாவதில் சிலர், எட்டாவதில் சிலர், ஆறாவதில் சிலர் என்று கலந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார். காலையில் வழக்கமான வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு கூறு. ஒரு கூறுக்குப் புன்னை மரம், இன்னொன்றுக்குத் தண்ணீர்த் தொட்டி, மற்றொன்றுக்கு சைக்கிள் ஸ்டாண்ட். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். கூறுக்கு ஒரு டீச்சர்.

"எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன்.

"அறுவது பேர் குந்தியிருக்கிற கிளாஸ்ல ஒருத்தன் வரலன்னா ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்? பன்னெண்டு பேர்ல தெரியும்."

அதற்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். கூறில் ஒருவர் குறைந்தாலும் பாடம் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் எல்லோரும் போய் அவரைக் கூட்டி வர வேண்டும்.

அதனால் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. தொட்டிக் கூறில் முருகேசன் என்பவன் ஒருநாள் வரவில்லை. கூட்டி வரப் போனவர்களும் வரவில்லை. போய்ப் பார்த்தால், கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அவன் அப்பா, "வந்தது வந்தீங்க, ஆளுக்கு ஒரு கை புடிங்கடா" என்று மொத்தக் கூறையும் கயிற்றில் நிறுத்திவிட்டார். பள்ளி விடும் நேரத்தில் முருகேசன் வந்தான். கூலியாக ஒரு கூடை மீனும் வந்தது. சார் கத்தப்போகிறார் என்று பார்த்தால், "கொட்டுங்கடா இங்க. பன்னெண்டு பேருக்கும் சரியா பிரிங்க. அதான் இன்னிக்கு கணக்கு" என்று தன் அறையிலேயே கொட்டச் சொன்னார். ஒரு வாரம் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனோம். அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சரும் கூறில் சேர்த்தி என்பது எனக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் உறைத்தது. வாடகை அறையில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். கதவைத் தட்டினார்கள். திறந்தால் என் புன்னைமரக் கூறு முழுவதும் வாசலில், கையில் பன்னும் சோடாவுமாக. வீட்டுக்கார அம்மா அலறினார்: "இன்னாம்மா இது, இஸ்கூலே வூட்டாண்ட வந்துக்கீது?"

"டீச்சர் இல்லாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு சார் சொல்லிக்கீறாரு" என்றாள் அம்பிகா. பத்தாவது படித்தவள், எங்கள் கூறின் பெரியவள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பின்னம் படித்துவிட்டுத்தான் போனார்கள். ஊரைவிட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் அழாமல் தூங்கினேன்.

ஒருநாள் மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்தால் கூறு தொடரும், இல்லாவிட்டால் அதோடு சரி. "நாளைக்கு ஒரு நாள் எவனும் மட்டம் போடாதீங்கடா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சார் ஒவ்வொரு கூறாகப் போய்க் கெஞ்சினார். மறுநாள் அதிகாரி நேராகப் புன்னை மரத்தடிக்கு வந்தார். அங்கே நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"பசங்க எங்க?"

"ஒரு பொண்ணு வரல சார். இட்டாரப் போயிருக்காங்க" என்றார் கூறு சார், பெருமையாக.

"வரலன்னா ஆப்சென்ட் போட்டுட்டுப் பாடம் நடத்த வேண்டியதுதானே?"

"அது நம்ம இஸ்கூல்ல வழக்கமில்ல சார்."

அதற்குள் அம்பிகாவின் அம்மா தலையில் மீன்கூடையோடு வந்துவிட்டார். பின்னால் அம்பிகா, அவளுக்குப் பின்னால் மொத்தக் கூறும். அந்தம்மா நேராக அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"நீதான் இதுங்கள அனுப்புனியா? படிப்ப நிறுத்திட்டு யாவாரத்துக்கு இட்டுகினு போலாம்னா, பின்னாலயே வந்து நிக்குதுங்க. பெரிய பேஜாராக் கீது! இந்தா, நீயே வெச்சிக்கோ. பரிச்ச எழுதிட்டே வரட்டும்!"

சொல்லிவிட்டுத் திரும்பிய வேகத்தில் கூடைத்தண்ணீர் அதிகாரியின் சட்டையெல்லாம் தெறித்தது.

அம்பிகா பரீட்சை எழுதித் தேறினாள். ஆனால் அதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது, இனி வகுப்புவாரியாகத்தான் எல்லோரும் உட்கார வேண்டும் என்று. கூடவே சாருக்குக் கருங்குழிப் பக்கம் மாற்றல்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சிறுசேரி அருகே ஒரு பெரிய பள்ளியில் நான் வேலை பார்த்தேன். அங்கே கோட்டு போட்ட ஒருவர் ஏசி அறையில் இதையே நாள் முழுக்க எங்களுக்கு விளக்கினார். சின்னச் சின்னக் குழு, கலந்த வயது, வண்ண நாற்காலி. எல்லாம் சரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

சார் கிளம்பிய நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. பிரிவுபசார விழா கூடாது என்றுவிட்டார். அவருக்குத்தான் கூட்டம் ஆகாதே. பழைய இடங்களில் எல்லோரையும் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு கூறாகப் போய்ச் சொல்லிக்கொண்டார். எங்கள் மரத்தடிக்குக் கடைசியாக வந்தார்.

"வரேன் டீச்சர். பசங்களா, நல்லாப் படிங்க."

"சார், நீங்க எந்தக் கூறு?" என்று கேட்டாள் அம்பிகா.

சார் தண்ணீர்த் தொட்டியையும் சைக்கிள் ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாட்ச்மேனைக்கூட ஒரு கூறில் சேர்த்திருந்தவர், தன்னை எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப எங்களாண்ட குந்துங்க சார்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாடம் எதுவும் நடக்கவில்லை. அவர் பிடிக்க வேண்டிய பஸ் போகும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. பள்ளி விடும் பெல் அடித்த பிறகுதான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார். அந்தப் பெல் அன்றைக்கு ஒரு நாள் அடிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னமும் இருக்கிறது.